அதிராத அறை

விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டம் கேட்கிறது:
ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் காரணம் கூறுக.
கூறிக்கொண்டிருக்கிறேன்.
ஆட்டோக்ளேவுக்கு ஆறு.
நைட்ரஜன் உருளைகளுக்கு நான்கு;
அந்தக் கதவு மட்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்,
உள்ளே ஒருவர் மயங்கிச் சாய்ந்தால்
அவர் உடம்பே கதவை அடைத்துவிடக் கூடாதென்று.
அந்த ஒரு வரிக்குத்தான்
யாரும் விளக்கம் கேட்கவில்லை.

யஷ்வந்த்பூருக்கு அப்பால்
ரயில் பாதைக்கும் ஒரு ரப்பர் பட்டறைக்கும் நடுவே
முக்கோணமாய் எங்களுக்கு ஒரு நிலம்.
அணுவைப் பார்க்கும் நுண்ணோக்கி
அங்கேதான் உட்காரப்போகிறது என்றதும்
சுமந்த் ஹெக்டே பென்சிலைக் கீழே வைத்தார்.
எவ்வளவு ஆடலாம் மேடம், அது?
தலைமுடி ஒன்றை நெடுக
லட்சம் கீற்றாய்க் கீறுங்கள்,
அதில் ஒரு கீற்று.
அப்படியானால் பெங்களூரைத்தான் நிறுத்த வேண்டும் என்றார்.
சிரித்தோம்.
அவர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

இரவு இரண்டு மணிக்கு அளக்கப் போனோம்.
ஜனவரிக் குளிர், கொசு,
ஜாபர் கொண்டுவந்த ஃப்ளாஸ்க்கில் ஆறிய காபி.
அதிர்வுமானியை மண்ணில் பதித்துவிட்டு
தள்ளி நின்றோம், மூச்சையும் சிக்கனமாய் விட்டபடி.
சரக்கு ரயில் வந்தது: திரையில் மலைத்தொடர்.
அது கரைய நான்கு நிமிடம்.
தும்கூர் சாலை லாரிகள்
விடியும்வரை முளைக்கும் புல்.
பிறகு ஒரு சின்ன முள்.
சீராக, மறுபடி, மறுபடி.
பம்ப்செட்டா, பட்டறையின் மோட்டாரா?
டார்ச் அடித்துத் தேடினோம்.
நிலத்தின் மறுகோடியில் காவலாளி திம்மையா
தூக்கம் வராமலிருக்க நடந்துகொண்டிருந்தார்.
நிற்கச் சொல்ல ஜாபர் கை தூக்கினான்.
வேண்டாம் என்றேன்.
கட்டி முடித்த பிறகும்
யாராவது நடக்கத்தான் போகிறார்கள்.
அதையும் சேர்த்தே அள.

மண் பரிசோதனை திங்களன்று வந்தது.
ஆறு மீட்டருக்குக் கீழே கறுப்புக் களி,
களிக்குள் நத்தை ஓடுகள்.
இது ஏரி, என்றார் துளை போட்ட பசவலிங்கா.
இருந்தது, என்று திருத்தினார் ஹெக்டே.
பசவலிங்கா திருத்தத்தை ஏற்கவில்லை.
மளெ பரலி, என்றார்.
மழை வரட்டுமாம்.

நிலவறை போயிற்று.
ஏழாம் வரைபடத்தில்
கனத்த கான்கிரீட் பாளம் ஒன்று
களியைத் தாண்டிப் பாறைவரை கால் நீட்டி நிற்கிறது,
கல்யாண மண்டபத்தில் எவரையும் தெரியாதவர் போல
நாற்புறமும் இரண்டு அங்குலம் ஒதுங்கி,
கட்டிடத்தை எங்கும் தொடாமல்.
கணக்குப் பிரிவின் பெனடிக்டா சிவப்பில் சுழித்தாள்:
ஒன்றுமில்லாத இரண்டு அங்குலத்துக்கு
இத்தனை லட்சமா?
ஆமாம் பெனடிக்டா,
இந்த ஊரில் ஒன்றுமில்லாததுதான் விலை அதிகம்.

பதிலுக்கு எதையாவது வெட்டு என்றாள்.
சாப்பாட்டு அறையை வெட்டினேன்.
அன்றிரவே
படிக்கட்டை அரை மீட்டர் அகலமாக்கச் சொன்னேன்,
டிபன் பாக்ஸோடு இருவர் உட்கார்ந்தாலும்
மூன்றாமவர் இறங்கிப் போக.
காரணம் என்ற இடத்தில்
தீயணைப்பு விதி என்று எழுதினேன்.
என் விண்ணப்பத்தில் உள்ள ஒரே பொய்,
ஒரே ஜன்னலும் அதுதான்.

கட்டிடத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு.
எனக்கு ஓய்வு நான்கில்.
நுண்ணோக்கி வந்து, பிரித்து, பொருத்தி,
முதல் படம் எடுப்பவள்
இப்போது எங்கோ
ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருக்கலாம்.
அவள் நாற்காலிக்கு ஒன்றரைச் சதுர மீட்டர்.
காரணம்: எழுதியாயிற்று.

கடைசிக் கட்டம்.
நிலத்தின் தற்போதைய நிலை.
இரண்டே தேர்வு: காலி, காலியில்லை.
பசவலிங்கா தந்த நத்தை ஓட்டை
வரைபடம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன்.
கனம் போதவில்லை,
மின்விசிறிக்கு இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன.
மணி பதினொன்று நாற்பது.
பன்னிரண்டுக்கு இணைய வாசல் அடைபடும்.
திம்மையா இப்போது
இரண்டாம் சுற்றில் இருப்பார்.

காலி என்பதை அழுத்தினேன்.